உடை இலையில் வெள்ளைக் கோடு

அந்த இலையை ஜெனோவா மூன்று முறை பார்த்தாள். முதல் முறை வெறும் கண்ணால். இரண்டாம் முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு. மூன்றாம் முறை உருப்பெருக்கியை வைத்து. மூன்று முறையும் அது அங்கேயே இருந்தது. சிற்றிலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே நூலிழை போல ஒரு வெள்ளைக் கோடு. கோடு முடிகிற இடத்தில், தோலுக்கு அடியில், ஒரு சின்னப் புள்ளி அசைந்துகொண்டிருந்தது.

சீமைக்கருவேல இலையில் இந்தக் கோட்டை அவள் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறாள். இலையைக் குடைந்து தின்னும் அந்தப் புழுவை, அதன் தாய்ப் பூச்சியை, ஏழு வருடம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து உருவாக்கியதே அவள்தான். ஆனால் இது கருவேலம் இல்லை. உடை மரம். வெயிலுக்குக் குடை பிடித்தது போலத் தட்டையாக விரிந்து நிற்கும் நாட்டு மரம். இந்தப் பக்கத்து ஆடுகள் கோடையைத் தாண்டுவது இதன் காயைத் தின்றுதான்.

"கிளம்பலாமா மேடம்?" என்று ஜீப்பில் சாய்ந்து நின்ற காசிலிங்கம் கேட்டார். சாயல்குடிப் பக்கத்து ஆள். ஐந்து வருடமாக அவளுக்கு வண்டி ஓட்டுகிறவர். "பூச்சிப் பொறியெல்லாம் காலியாத்தான இருக்கும்?"

"காலியா இல்ல காசி. பதினேழு பூச்சி விழுந்திருக்கு."

"கருவ மரமே இல்லாத ஊர்ல பூச்சிக்கு என்ன மேடம் சோலி?"

அவள் கிளையை வளைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"இது ஒடையில்ல?"

"ஆமா."

"ஒடையத் தொடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? ஊர் ஊரா மைக் வச்சுச் சொன்னமே."

"சொன்னோம். கருவேல இலையில மட்டும் இருக்கிற ஒரு சத்து இல்லாம இந்தப் புழுவுக்கு எதுவும் செரிக்காது. அப்படித்தான் அதோட வயித்தை மாத்தி விட்டோம். வேற இலையைத் தின்னா ரெண்டு நாள்ல செத்துரணும். இது சாகல."

"அப்ப எதத் திங்கும்?"

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள். உப்பிலான்பட்டியின் உடைக் காட்டுக்கு அப்பால் உளுந்து வயல்கள் தெரிந்தன. அவற்றுக்கும் அப்பால் துவரை. கருவேலம், உடை, உளுந்து, துவரை எல்லாம் ஒரே பெரிய குடும்பத்துச் செடிகள்.

இருவரும் வெயில் சாயும்வரை இருநூறு கொப்புகளைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு கோடு. புழுக்களின் வயதைப் பார்த்து அவள் கணக்கிட்டாள். அவை இலையை விட்டு மண்ணில் விழுந்து, கூடு கட்டி, பூச்சியாகப் பறக்க ஒன்பது நாள் ஆகும். அன்று செவ்வாய். அடுத்த வாரம் வியாழன்.

அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, 'சீமைக்கருவேலம் இல்லாத முதல் மாவட்டம்' என்று அமைச்சர் மேடையில் அறிவிக்க இருந்தார்.

தங்கியிருந்த விடுதி அறையில் அன்று சாயங்காலமே அவள் ஒரு சோதனை செய்தாள். நீளமான கண்ணாடிப் பெட்டி. ஒரு முனையில் பச்சை உடைக் கொப்பு. மறு முனையில், பொறிகளுக்கென்று ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கருவேல இலைச் சாற்றில் நனைத்த பஞ்சு. பொறியில் விழுந்த பதினேழு பூச்சிகளையும் நடுவில் விட்டாள். அரிசியில் பாதி இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பூச்சிகள் கொஞ்ச நேரம் குழம்பி அலைந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பஞ்சை நோக்கிப் போயின. பதினைந்து பஞ்சில் உட்கார்ந்தன. இரண்டு மட்டும் உடையில்.

அவள் ஆய்வு மையத்தின் இயக்குநர் தாமோதரனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மருந்து அடிச்சிருங்க," என்றார் அவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"புழு தோலுக்குள்ள இருக்கு சார். மேல அடிக்கிற மருந்து அதுமேல படாது. அந்த இலையைத் தின்னா ஆடுதான் சாகும்."

"அப்ப உடையை வெட்டுங்க."

"ஏழு ஊருக்குப் பரந்து கிடக்கிற உடைக் காட்டையா? வெட்டினாலும் பிரயோசனம் இல்ல. வெட்டி முடிக்கிறதுக்குள்ள புழு மண்ணுல இறங்கிக் கூடு கட்டிரும். வெளிய வர்றப்ப உடையும் இல்லன்னா நேரா உளுந்துக்குத்தான் போகும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "சார், ஒரு வழி இருக்கு. அதோட வயிறு மாறிருச்சு. மூக்கு இன்னும் மாறல. இப்பவும் அதுக்குக் கருவேல வாசம்தான் வேணும். கிடைக்காததாலதான் உடையில முட்டை போடுது. பக்கத்துல உயிரோட கருவேலம் நின்னா, அங்க வந்துரும். இந்தத் தலைமுறையைத் திருப்பிட்டா போதும். விட்டோம்னா, உடை வாசத்தைத் தேடிப் போறது மட்டும் பெருகும். அப்புறம் நம்ம கூப்பிட்டா வராது."



"கருவேலம் ஒழிஞ்சுருச்சுன்னு அமைச்சர் சொல்ற மேடையில, நான் போய் கருவேலம் வேணும்னு கேக்கணுமா ஜெனோவா?"

"வேற வழி இல்ல சார்."

"விழா முடியட்டும், பேசலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டாம் வருஷ அறிக்கையில கையெழுத்து என்னோடது இல்ல. உங்களோடது."

தொடர்பு அறுந்தது. அவள் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உடையில் இருந்த இரண்டும் இன்னும் அங்கேயேதான் இருந்தன.

புதன் முதல் சனி வரை அவர்கள் கருவேலத்தைத் தேடி அலைந்தார்கள். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் கருவேலம் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. கண்மாய்க்குள், ஊருணிக் கரையில், பாழடைந்த வீட்டுக்குள் என்று எங்கும் அதுதான். பூச்சி வந்த மூன்றாம் வருடம் இலை கொட்டி மொட்டையாக நின்றவற்றை ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினார்கள். முளைவிட்டதைக் கிராமம் கிராமமாகக் குழு போட்டு எரித்தார்கள். ஒரு கன்றை வைத்திருந்தாலும் சிறை என்று சட்டம் வந்தது. இப்போது வெள்ளையாக உப்புப் பூத்த மண்தான் மிச்சம். கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. உப்பிலான்பட்டியில் மட்டும் அறுபது வீடு பூட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது காசிலிங்கம் டம்ளரை அப்படியே வைத்தார். எதிரே ஒரு தேய்ப்பு வண்டி. அதன் இஸ்திரிப் பெட்டிக்குள் நெருப்பு புகையில்லாமல், வெடிக்காமல், செக்கச் செவேலென்று நின்றது.

"சிரட்டைக் கரி இப்படி நிக்காது மேடம்," என்றார் அவர் மெதுவாக. "இது கருவக் கரி. அதுவும் புதுசு."

தேய்ப்புக்காரர் முதலில் பழைய இருப்பு என்றார். பிறகு மதுரையிலிருந்து வந்தது என்றார். காசிலிங்கம் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது, "ஒரு பொம்பள," என்றார். "எங்க தெரியுமா? உப்பிலான்பட்டியத் தாண்டிக் கடலோரத்துல, அந்தப் பழைய எறால் பண்ணையில."

பண்ணையைக் கைவிட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆள் உயரக் கரைகளுக்கு நடுவே வற்றிய குட்டைகள். மறுநாள் காலை மூன்றாவது குட்டையின் கரையில் ஏறியதும் ஜெனோவாவுக்கு நடை நின்றுவிட்டது. கீழே, பண்ணைக்காரர்கள் விட்டுப்போன கம்பங்களில், நூற்றுக்கணக்கான பழைய கொசுவலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு கூடாரம் போட்டிருந்தது. வலைக்குள் பச்சை. நாற்பது கருவேல மரங்கள். ஒரு இலையில்கூடக் கோடு இல்லை.

"அங்கயே நில்லுங்க."

வலையின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். ஐம்பதை நெருங்கும் வயது. ஒடிசலான உடம்பு. பல வருடப் புகையில் கண்ணோரம் சிவந்திருந்தது. கையில் வெட்டரிவாள்.

"யக்கா, பயப்படாதீங்க. பிடிச்சுக்குடுக்க வரல," என்றார் காசிலிங்கம்.

"இந்தம்மாவ எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "எங்க ஊர் நோட்டீஸ்ல படம் போட்டிருந்துச்சு. பூச்சி டாக்டரம்மா. எங்க மூட்டத்துல மண்ண அள்ளிப் போட்ட மகராசி."

அவள் பெயர் குருவம்மா. கணவர் வழிவிட்டான் மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். இவள் போக மறுத்துவிட்டாள். கடைசியாகப் பிடுங்கிய தூர்களில் நாற்பதை இராவோடு இராவாக இழுத்து வந்து இங்கே நட்டாள். வலை தைத்தாள். தண்ணீர் சுமந்தாள். பக்கக் கொப்புகளை மட்டும் வெட்டி, சின்னதாக மூட்டம் போட்டு, மாதம் இரண்டு மூட்டை கரி. அதில்தான் சாப்பாடு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் அரிவாளைக் கீழே போடவில்லை.

ஜெனோவா கரையிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். உடையில் கோடு. வயிறு மாறியது. மூக்கு மாறாதது. வியாழக்கிழமை. குருவம்மா முழுசாகக் கேட்டாள்.

"அப்ப வலையத் தெறக்கணும்கிறீங்க."

"ஆமா."

"சரி, தெறக்கிறேன். வந்து உக்காரட்டும் அம்புட்டும். உக்காந்ததும் மரத்தோட வெட்டி மூட்டத்துல வச்சுருவோம். மூணு நாள்ல கரி. பூச்சியும் போச்சு, மரமும் போச்சு, சட்டமும் சும்மா இருக்கும்."

"அதுதான் கூடாதுக்கா," என்றாள் ஜெனோவா. "கருவேலத்தைத் தேடி வர்றதை எல்லாம் நாம எரிச்சா, எது மிஞ்சும்? தேடி வராதது. உடையே போதும்னு இருக்கிறது. அப்புறம் அதோட பிள்ளைங்கதான் ஊரெல்லாம். வர்றது பிழைக்கணும். இங்க முட்டை போட்டு, இங்கயே பெருகணும்."

குருவம்மாவுக்கு அது புரிந்தது. முகத்தில் தெரிந்தது. மரங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மரத்தைப் பூச்சிக்குச் சோறா வச்சுட்டு, நான் ஒரு கொப்புகூட வெட்டாம பாத்துக்கிட்டு நிக்கணும்."

"ஆமாக்கா."

"ஒண்ணு கேக்கிறேன். மறைக்காமச் சொல்லணும். இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

காசிலிங்கம் ஜெனோவாவைப் பார்த்தார். கடல் பக்கமிருந்து காற்று வந்து வலைகள் உப்பி அடங்கின. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டாம் வருஷம். பூச்சியை வெளிய விடுறதுக்கு முன்னாடி ரெண்டாயிரம் புழுவை உடை இலையில போட்டுப் பாத்தோம். மூணு பிழைச்சுது. மூணே மூணு. மறுபடி போட்டுப் பாக்கணும்னா ஒரு வருஷம் தள்ளிப்போகும். இயக்குநர் கை தவறி நடந்திருக்கும்னார். நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்க ஆசைப்பட்டேன். ஒண்ணுகூடப் பிழைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

காசிலிங்கத்தின் முகம் மாறிப்போனது. அவரும் ஐந்து வருடம் மைக் பிடித்தவர். அவர் எழுந்து ஜீப் பக்கம் நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குருவம்மா அரிவாளை மண்ணில் குத்தி வைத்தாள்.

"இத எங்கிட்டச் சொன்ன மாதிரியே ஊருக்கு முன்னாடி சொல்லுங்க. நாளைக்கு ரேசன் கடையில எல்லாரும் நிப்பாங்க. சொன்னீங்கன்னா வலையத் தெறக்கிறேன்."

"சொன்னா எனக்கு வேலை போகும்க்கா. ஜெயிலுக்கும் போகலாம்."

"மரம் வச்சதுக்கு நானும் ஜெயிலுக்குத்தான் போகணும்," என்றாள் குருவம்மா. "சேந்தே போவோம்."

செவ்வாய்க்கிழமை காலை உப்பிலான்பட்டி ரேஷன் கடை வரிசையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். ஊரில் ஆண்கள் குறைவு. ஜெனோவா கடைப் படியில் ஏறிப் பேசினாள்.   மூன்று புழு என்றாள். பொய் எழுதினேன் என்றாள். உங்கள் உளுந்து, உங்கள் துவரை, உங்கள் ஆடு என்றாள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அவள் தடுக்கவில்லை.

முடித்தபோது ஒரு பெண் வரிசையை விட்டு வந்து படிக்கு அருகே காறித் துப்பினாள். அவளுடைய இரண்டு மகன்களும் திருப்பூரில் இருந்தார்கள். அடுத்து ஆட்டுக்காரர் பரமன் வந்தார். நானூறு ஆடு வைத்திருப்பவர். வந்த வேகத்தில் ஜெனோவாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தார். நாடா கழுத்தை அறுத்தது. மூச்சு முட்டியது.

"என் ஆடு என்னத்தடி திங்கும்? சொல்லு. என்னத்தத் திங்கும்?"

"விடுங்க மாமா," என்று குருவம்மா அவர் கையைப் பிடித்தாள். "வேல கிடக்கு. இந்தம்மா செத்துப்போனா முட்டைய எண்ண நமக்குத் தெரியாது."

பரமனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அன்று மதியமே குருவம்மா வலையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வருடம் தைத்ததை அவிழ்க்க ஒன்றரை நாள் ஆனது. துப்பிய பெண்ணும் வந்து ஒரு ஓரத்தைப் பிரித்தாள். யாரிடமும் பேசவில்லை. புதன் அந்தி நாற்பது மரமும் திறந்த வெளியில் நின்றன. அன்று ஒரு பூச்சியும் வரவில்லை.

வியாழன் காலை தாமோதரனின் குரல் தொலைபேசியில் அமைதியாக இருந்தது.

"வீடியோ பாத்தேன். உன்னைத் தற்காலிகமா நீக்கியாச்சு. சட்டவிரோதமா கருவேலம் வளக்கிற இடத்தை அகற்ற வண்டி கிளம்பிருச்சு. விலகி நில்லு ஜெனோவா. ஒரு நாள்ல எல்லாம் முடிஞ்சிரும்."

"இன்னைக்குச் சாயங்காலம்தான் சார் அது பறக்கும். ஒரே ஒரு நாள் கொடுங்க."

"நாளைக்கு விழா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பண்ணைக்கு ஒரே ஒரு வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் உப்புச் சேறு. பத்து மணிக்கு ஜேசிபியின் மஞ்சள் தலை தெரிந்தது. பின்னால் இரண்டு ஜீப். ஜெனோவா பாதையை நோக்கி ஓடினாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி தூரத்தில் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது.

பரமன் தன் நானூறு ஆட்டையும் பாதையில் இறக்கியிருந்தார். பாதை முழுக்க ஆடு. ஜேசிபிக்காரர் ஹாரன் அடித்தார். ஆடுகள் மிரண்டு இன்னும் நெருக்கிக்கொண்டன.

"ஓட்டிக்கிட்டுப் போங்கய்யா," என்று ஒரு அதிகாரி கத்தினார்.

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் பரமன். "சினை ஆடு நெறைய. வெரட்டினா குட்டி விழுந்துரும். நஷ்டத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வெரட்டுறேன்."

யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. ஆடுகள் நகர்ந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பத்து அடி. இதற்குள் காசிலிங்கம், ஜெனோவா கைப்பட எழுதிக் கொடுத்த ஆறு பக்க வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். திங்களிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் கையை மட்டும் நீட்டினார். அவள் காகிதங்களைக் கொடுத்தாள். அவ்வளவுதான். மூன்று மணி வரை வாசலில் நின்று, ஆட்சியர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் படிக்க வைத்தாராம். நான்கரைக்கு அதிகாரியின் செல்போன் ஒலித்தது. பேசிவிட்டு அவர் ஜேசிபிக்காரரிடம் கையைக் காட்டினார். இயந்திரம் அணைந்தது. திரும்பிப் போகவில்லை. நின்றது.

சூரியன் இறங்கியது. ஜெனோவாவும் குருவம்மாவும் முதல் வரிசை மரங்களுக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தார்கள். கரைமேல் ஊர் உட்கார்ந்திருந்தது. அதிகாரிகளும்தான். 

பூச்சி வரவில்லை. காற்று கடலிலிருந்து உடைக் காட்டுப் பக்கம் வீசியது. அதுதான் வேண்டும். வாசம் போயிருக்கும். ஆனாலும் வரவில்லை. பெட்டியில் உடையிலேயே உட்கார்ந்துவிட்ட இரண்டு பூச்சிகளை ஜெனோவா நினைத்தாள். பதினேழில் இரண்டு. அந்தப் பதினேழுக்குப் பிறகு பிறந்தவற்றில் எத்தனை?

"டாக்டரம்மா," என்றாள் குருவம்மா. குரல் கிசுகிசுப்பாக வந்தது. "என் கையப் பாருங்க."

அவளுடைய முழங்கையில் ஒரு சாம்பல் புள்ளி. அது நகர்ந்தது. பறந்து தலைக்கு மேலிருந்த இலையில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வேட்டியில் ஐந்தாறு. அப்புறம் எண்ண முடியவில்லை. மெல்லிய சாம்பல் தூவியது போலக் காட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தன. ஜெனோவா விளக்கைக் கொப்பின் மேல் பிடித்தாள். ஒரு பூச்சி வயிற்றை வளைத்து இலை நரம்பின் ஓரத்தில் முட்டை வைத்தது.

குருவம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் எதை உள்ளே விடாமல் காத்தாளோ அது. அழுகிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் உடைக் காட்டில் முன்பு பார்த்த அதே இருநூறு கொப்புகளை ஜெனோவா பார்த்தாள். நாற்பத்தொன்று இருந்த இடத்தில் மூன்று முட்டை. இல்லாமல் போகவில்லை. ஆனால் மூன்று.

விழா நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு விழா நடந்தது. 'காப்பு மரத் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஊரிலும் நூறு கருவேலம் நட்டு வளர்க்க வேண்டும், வெட்டினால் சிறை என்று ஆணை வந்தது. திட்டத்தின் தலைவராகத் தாமோதரன் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஜெனோவா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

பத்து மாதம் கழித்து, வழக்குக்காக ராமநாதபுரம் வந்தவள் மதியப் பேருந்தில் பண்ணைக்குப் போனாள். குட்டையைச் சுற்றி இப்போது முள்கம்பி வேலி. இரும்புக் கதவு. மரங்கள் இலை கருகியும் துளிர்த்தும் நின்றன. அந்த ஊர்க் காவலாளாகக் குருவம்மாவை நியமித்திருந்தார்கள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. எளைச்சுட்டீங்களே." உள்ளே கூட்டிப்போய் ஒரு நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு மரத்துக்கும் முட்டை எண்ணிக்கை. கோணல் எழுத்து, சரியான கணக்கு.

"ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"எட்டுக் குடும்பம் திரும்பி வந்திருக்கு. கருவ வந்துருச்சு, இனி மூட்டம் போடலாம்னு நெனச்சு வந்துட்டாங்க. வந்து பாத்தா வெட்டக்கூடாதாம். என்னத்தச் சொல்ல?" அவள் நோட்டை மூடினாள். "முந்தா நாள் ஒரு கேஸ் எழுதினேன்."

"யார் மேல?"

"எங்க வீட்டுக்காரரு மேலதான். அவரும் வந்துட்டாருல்ல. நான் கடைக்குப் போயிருந்தப்ப வேலியத் தாண்டி ரெண்டு கொப்ப வெட்டிப்புட்டாரு."

"எழுதாம விட்டிருக்கலாமேக்கா."

"அதுல எத்தன முட்ட இருந்துச்சு தெரியுமா? நூத்திப் பத்து. எண்ணிப்புட்டுத்தான் எழுதினேன். இவருக்கு விட்டா, நாளைக்கு எட்டு வீட்டு ஆளும் வருவாங்க. யாரக் குத்தம் சொல்ல முடியும்? அவங்க தொழில் அது." நோட்டை எடுத்த இடத்தில் வைத்தாள். "அன்னையிலருந்து மனுசன் எங்கூடப் பேசறதில்ல."

இருவரும் கதவுப் பக்கம் நடந்தார்கள்.

"இது எம்புட்டு வருசத்துக்கு டாக்டரம்மா?"

"பூச்சி இருக்கிற வரைக்கும்க்கா."

"பூச்சி எம்புட்டு வருசம் இருக்கும்?"

ஜெனோவா யோசித்தாள். வேறு விடை வருமா என்று பார்த்தாள்.

"மரம் இருக்கிற வரைக்கும்."

குருவம்மா அவளையே பார்த்தாள். கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள், தானே அதற்குள் கண்டுபிடித்து வைத்திருந்ததைப் போல.

வேலிக்கு வெளியே ஒருவர் கரைமேல் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. விரல் நகங்களில் சாயம் இன்னும் நீலமாக இருந்தது. குருவம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து இடுக்கிக்கொண்டாள். அவர் முன்னால் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. ஜெனோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனோவா அங்கேயே நின்றாள். போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

வழிவிட்டான் தட்டைப் பார்த்தார். மறுபடி ஜெனோவாவைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, மனைவியிடம் சொன்னார்:

"கையக் கழுவிட்டு உக்காரச் சொல்லு."